கம்பெனிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியது

என் கணவரின் நெஞ்சுக்குள் இருந்த பேஸ்மேக்கரை, அவர் காலமான பிறகு, அதைச் செய்த கம்பெனியிடமே திருப்பிக் கொடுப்பதாக அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அப்போது அவர் மத்தியானச் சாப்பாடு முடித்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். நான் கறிச்சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் எந்த மனைவியும் எதற்கும் தலையாட்டிவிடுவாள்.

இப்படி ஒரு வாக்கை அவர் ஏன் கேட்டார் என்று விளங்க வேண்டுமானால் அவருடைய உத்தியோகத்தைச் சொல்ல வேண்டும். ஓய்வு பெறும்வரை அவர் யாழ்ப்பாணத்தில் புத்தூர்ப் பக்கம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் வாசித்தவர். எங்கள் பக்கத்து வீடுகளில் மீட்டர் முன் விறாந்தைச் சுவரில் இருக்கும். அதற்குக் கீழே ஒரு செத்த ரீவிப் பெட்டி இருக்கும். கனடாவிலிருந்து தம்பி அனுப்பியதாகவோ சுவிசிலிருந்து மகள் கொண்டுவந்ததாகவோ இருக்கும். வேலை செய்யாது. எறியவும் முடியாது, ஏனென்றால் அனுப்பியவர் அடுத்த திருவிழாவுக்கு வந்து நின்று, "நான் அனுப்பினது எங்கை?" என்று கேட்பார். ஆகவே அதன் மேல் ஒரு பின்னல் துணி விரித்து, துணியின் மேல் பிளாஸ்ரிக் பூச்சாடி வைத்து, அதை ஒரு மேசையாக்கி வைத்திருப்பார்கள். சில வீடுகளில் ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று இருக்கும். மீட்டரைப் பார்ப்பதற்காக இவர் அவற்றையெல்லாம் நகர்த்தி நகர்த்தி, கடைசியில் முதுகு வலியோடும் ஒரு கொள்கையோடும் வீட்டுக்கு வந்தார்.

கொள்கை சின்னது. ஒரு சாமானைச் செய்தவன்தான் அது செத்த பிறகு திருப்பி எடுக்க வேண்டும்.

"அதுக்குள்ளை என்ன இருக்கெண்டு செய்தவனுக்குத்தான் தெரியும்," என்பார். "எனக்குத் தெரியாது. உமக்கும் தெரியாது. பிறகு அதை நாங்கள் என்னெண்டு மண்ணுக்குள்ளை தாட்டு வைக்கிறது?"

சொல்வதில் பிழை இல்லை. எங்கள் நிலம் சுண்ணாம்புக் கல். மேலே ஊற்றிய எதுவும் கீழே போகும், கீழே போனது கிணற்று வாளியில் ஏறி வீட்டுக்குள் வரும். இதை எல்லோரும் அறிவார்கள். ஆனால் அறிந்துகொண்டு பேசாமல் இருப்பதுதான் வழக்கம். இவருக்கு அந்தப் பழக்கம் வரவில்லை. நான் அதனால் பட்ட வெட்கம் கொஞ்சநஞ்சம் அல்ல.

எரிந்து முடிந்த பல்புகளை அவர் சேர்த்து, பையில் போட்டு, சந்திக் கடைக்குக் கொண்டு போவார். கடைக்காரர் பொறுமையான மனிதர்.

"அண்ணை, உது எரியாது."

"எரியாதெண்டுதான் கொண்டந்தனான்."

"அப்ப புதுசு தரட்டோ?"

"வேண்டாம். இதை உனக்கு வித்தவனிட்டைக் குடு. அவன் தனக்கு வித்தவனிட்டைக் குடுக்கட்டும். அப்பிடியே செய்தவனிட்டைப் போய்ச் சேரும்."

கடைக்காரர் வாங்கி ஒரு பெட்டியில் போட்டார். பெட்டி நிறைந்ததும், இவர் தோட்டத்தில் நின்ற ஒரு நேரம் பார்த்து, அதைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து, "அக்கா, அண்ணையின்ரை சாமான்," என்று என்னிடம் தந்துவிட்டுப் போனார். நான் அதைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். தன் பல்புகள் சீனாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

கம்பெனிகளுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவார். பதில் வராது, அல்லது நன்றி சொல்லி வரும். ஒருமுறை எங்கள் வாஷிங் மெசின் செத்தது. கொழும்பில் இருந்த அதன் கம்பெனிக்கு எழுதினார். அவர்கள், பொருளை அனுப்புங்கள், பொறுப்பெடுக்கிறோம் என்று பதில் போட்டார்கள். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மெசினைத் துடைத்து, பாயால் சுற்றி, லொறியில் ஏற்றி அனுப்பினார். அயலில் நாலு பேருக்குச் சொன்னார். அந்த நாலு பேரும் தங்கள் ரீவிகளைப் பற்றி விசாரித்தார்கள்.

மூன்று கிழமையில் மெசின் திரும்பி வந்தது. திருத்தி, புதுக் குழாய் போட்டு, வாடிக்கையாளருக்கு நல்லெண்ண அன்பளிப்பு என்று ஒரு துண்டு ஒட்டி அனுப்பியிருந்தார்கள். இவர் அதை வாசல் படலையடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நான் உதைத் திருத்தச் சொல்லேல்லை," என்றார்.

நான் அன்று பின்னேரமே நாலு படுக்கை விரிப்புகளை அதில் தோய்த்தேன். அது திறமாக வேலை செய்தது. இவர் ஒரு கிழமை அதன் பக்கம் போகவில்லை.

ஓய்வு பெற்ற பிறகும் ஒவ்வொரு மாதமும் எங்கள் வீட்டு மீட்டரைத் தானே வாசித்துக் கொப்பியில் எழுதுவார். அப்படி வாசித்துக்கொண்டு நின்றபோதுதான் ஒருநாள் மயங்கி விழுந்தார். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில், இதயம் மெதுவாக அடிக்கிறது, தூண்டிவிட ஒரு கருவி வைக்க வேண்டும் என்றார்கள். வைத்தார்கள். தீப்பெட்டி அளவான ஒரு தட்டை உலோகம், இடது தோளுக்குக் கீழே தோலுக்குள். அதோடு ஒரு கையேடும் தந்தார்கள். மற்ற நோயாளிகள் அதைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுப் படுத்தார்கள். இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"இஞ்சை பாரும்," என்றார். குரல் தழுதழுத்தது. ஏதோ ஆபத்தான விஷயம் என்று நினைத்துவிட்டேன்.

கடைசிப் பக்கத்தில், இந்தக் கருவி தேவைப்படாதபோது குப்பையில் போட வேண்டாம், எரிக்க வேண்டாம், எங்களிடமே திருப்பி அனுப்புங்கள், பாதுகாப்பாகப் பிரித்து அகற்றுவது எங்கள் பொறுப்பு என்று எழுதியிருந்தது. முப்பது வருடம் ஊரெல்லாம் தேடிய ஆளைத் தன் நெஞ்சுக்குள்ளேயே கண்டுபிடித்துவிட்டார்.

அடுத்த நாள் டொக்டர் வந்து, பாரம் தூக்க வேண்டாம், கையை உயர்த்த வேண்டாம் என்று சொல்லிவிட்டு, "ஐயா, ஏதும் கேள்வி இருக்கோ?" என்றார்.

"இது முடிஞ்சாப்பிறகு ஆர் வந்து எடுக்கிறது?"

"பற்றரியோ? அது பத்து வருசம் நிக்கும். பயப்பிடாதேங்கோ."

"பற்றரி இல்லை. நான் முடிஞ்சாப்பிறகு."

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் யன்னலைப் பார்த்தேன்.

அந்தக் கிழமைதான் மோர் குடித்துக்கொண்டு என்னிடம் வாக்கு வாங்கினார். "பிள்ளையளை நம்பேலாது, அவங்கள் வெளிநாட்டிலை. நீர்தான் கொண்டுபோய்க் குடுக்க வேணும்." பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிளினிக் போவோம். கம்பெனியின் ஆள் ஒருவர் கொழும்பிலிருந்து ஒரு கணினியோடு வருவார். நெஞ்சின் மேல் ஒரு வட்டமான கருவியை வைத்தால் திரையில் கோடுகள் ஓடும். நிமிர்ந்த கோடு ஒன்று எழும், அது பேஸ்மேக்கர் கொடுக்கும் தட்டு. அதற்குப் பின்னால் ஒரு மேடு வரும், அது இவருடைய இதயம். தட்டு, மேடு, தட்டு, மேடு. ஒவ்வொரு முறையும் இவர் சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே, "தம்பி, திருப்பி எடுப்பியள்தானே?" என்று கேட்பார். அவரும் ஒவ்வொரு முறையும் எடுப்போம் என்று சொல்வார்.

நாலு வருடம் இப்படிப் போனது. பிறகு ஒரு காலை, தேத்தண்ணி ஆறிக்கிடக்க, கதிரையில் இருந்தபடியே போய்விட்டார். பேஸ்மேக்கரில் பிழை இல்லை என்று டொக்டர் சொன்னார், மூளையில் இரத்தக் குழாய் வெடித்ததாம். அந்த நாளைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

உடலை ஆயத்தப்படுத்தும் மலர்ச்சாலைக்காரர் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "உள்ளுக்கு மெசின் ஏதும் இருக்கோ?" என்பது. இருந்தால் முதலே எடுக்க வேண்டும், நெருப்பில் வெடிக்கும் என்றார். ஒருமுறை எங்கோ வெடித்துச் சனம் சுடலையை விட்டு ஓடியதாம். அந்த நேரத்தில் அதை எனக்குச் சொல்லத்தான் வேண்டுமா என்று தெரியவில்லை. எடுத்துக் கழுவி, மூடி போட்ட சின்ன பிளாஸ்ரிக் போத்தலில் கொண்டுவந்து என் கையில் தந்தார்.

எங்களில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. ஆண்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள், நாங்கள் படலையோடு நின்றுவிட்டோம். நாற்பத்தொரு வருடம் ஒன்றாக இருந்தவரோடு கடைசி அரை மைல் போக எனக்கு அனுமதி இல்லை. அதற்கு எனக்குக் கோபம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் அவரில் ஒரு துண்டு என் முந்தானையில் முடிந்திருந்தது. அது அங்கே போன ஆண்கள் ஒருவருக்கும் கிடைக்கவில்லை.

பிரச்சினை எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவு அன்று வந்தது. படத்துக்கு முன்னால் அவருக்கு விருப்பமான சாப்பாடெல்லாம் படைத்திருந்தோம். போத்தலையும் பக்கத்தில் வைத்திருந்தேன். மச்சாள், அதாவது அவருடைய அக்கா, என்னவென்று கேட்டார். சொன்னேன். போத்தலின் மூடியில் ஒரு நந்தியாவட்டைப் பூ வைத்துக் கும்பிட்டார். பிறகு, "அந்தியேட்டிக்குச் சாம்பலோடை இதையும் கீரிமலையிலை விட வேணும்," என்றார்.

"கம்பெனிக்குக் குடுக்கச் சொன்னவர், மச்சாள்."

"அவன் ஆயிரம் சொல்லுவான். உடம்புக்குள்ளை இருந்தது உடம்போடை போக வேணும். இல்லாட்டி வாற பிறப்பிலை நெஞ்சிலை ஒரு ஓட்டையோடை பிறப்பான். பிறகு உன்னைத்தான் நோகப்போறான்."

இந்தப் பிறப்பிலேயே என்னை நொந்தவர்தான், அது ஒரு பெரிய மாற்றமில்லை என்று சொல்ல வாய் வந்தது. அதை விட்டுவிட்டு, கிரியை செய்ய வந்திருந்த ஐயரிடம் கேட்டோம். ஐயருக்கு அன்று இன்னும் இரண்டு வீடு போக இருந்தது.

"பிறக்கேக்கை இருந்ததோ?" என்றார்.

"இல்லை, ஐயா."

"அப்ப அது உடம்பில்லை. மூக்குக்கண்ணாடி மாதிரி ஒரு சாமான்."

"மூக்குக்கண்ணாடி வெளியிலை கிடக்கிறது. இது உள்ளுக்கெல்லோ," என்றார் மச்சாள்.

"கட்டுப்பல்லும் உள்ளுக்குத்தான் கிடக்கிறது," என்றார் ஐயர்.

மச்சாளுக்கு மேலும் கீழும் கட்டுப்பல். அதன் பிறகு அவர் அந்தக் கதையை எடுக்கவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் சாம்பல் மட்டும் கீரிமலைக் கடலுக்குப் போனது.

ஆக, தடையொன்றும் மிஞ்சவில்லை. கம்பெனிக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒரு பெண் பேசினாள்.

"உங்க பொருள்ல என்ன பழுது, மேடம்?"

"பழுதொண்டும் இல்லை."

"அப்போ ஏன் திருப்பித் தர்றீங்க?"

"வைச்சிருந்தவர் இல்லை."

 பிறகு பாட்டுப் போட்டார்கள். பாட்டு முடிந்ததும் வேறொருவர் வந்து, வழக்கமான கிளினிக் நாளில் யாழ்ப்பாணத்துக்கு வரும் எங்கள் ஆளிடமே கொடுங்கள், அவர் பொறுப்பெடுப்பார் என்றார்.

அந்த மாதக் கிளினிக்குக்கு நான் போகவில்லை. மழை. அடுத்த மாதமும் போகவில்லை. மழை இல்லை, தோட்டத்தில் வெங்காயம் கிண்டவும் இல்லை, ஒரு வேலையும் இல்லை. உண்மையைச் சொன்னால், கொடுக்க எனக்கு விருப்பமில்லை. மச்சாளோடு வாதாடியதும் அவருடைய வாக்குக்காக அல்ல, கடலிடமிருந்து அதைக் காப்பாற்றுவதற்காக. அலுமாரியில் என் சேலைகளுக்கு இடையில் வைத்திருந்தேன். படுக்கப்போகும் முன் எடுத்துக் கையில் வைத்துப் பார்ப்பேன். குளிராக இருக்கும், வைத்திருக்க வைத்திருக்கச் சூடு பிடிக்கும். பின்னல் துணி விரித்துச் செத்த ரீவியை வைத்திருந்த சனத்தைப் பார்த்து நான் எவ்வளவு சிரித்திருப்பேன்.

ஒருநாள் அவருடைய தொலைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. உங்கள் பேஸ்மேக்கர் பரிசோதனை வரும் புதன்கிழமை, தவறாமல் வரவும். அவர் ஒரு கிளினிக்கையும் தவறவிட்டவர் அல்ல. நான் புதன்கிழமை வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

கிளினிக்கில் வழக்கமான வாங்கில் உட்கார்ந்திருந்தேன். வழக்கமான முகங்கள். ஒருவர் இவரைக் காணவில்லையே என்று சுற்றிப் பார்த்துவிட்டு, என் நெற்றியைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். தாதி அவருடைய பெயரைக் கூப்பிட்டாள். நான் எழும்பிப் போனேன்.

கம்பெனி ஆள் என்னைக் கண்டதும் விளங்கிக்கொண்டார். முப்பத்தைந்து வயது இருக்கும், கொழும்புத் தமிழ். நான் போத்தலை மேசையில் வைத்தேன்.

"கொண்டு வருவீங்கன்னு நினைக்கல, அம்மா," என்றார். "எல்லாருக்கும்தான் அந்தக் கடைசிப் பக்கம் இருக்கு. எனக்குத் தெரிஞ்சு இங்க யாரும் கொண்டு வந்ததில்ல. தாட்டிடுவாங்க. இல்லாட்டி சாமி அறையில வைச்சிடுவாங்க."

"உங்கடை கம்பெனி உண்மையா எடுக்குமோ?"

"எடுக்கும். வெளிநாட்டுல எங்க தொழிற்சாலைக்குப் போகும். பற்றரி வேற, உலோகம் வேறன்னு பிரிப்பாங்க."

அப்படியென்றால் என் கணவர் வென்றுவிட்டார். பக்கத்தில் இருந்திருந்தால் நாலு பேருக்குச் சொல்லியிருப்பார்.

கம்பெனி ஆள் படிவம் ஒன்று எடுத்தார். திருப்பி அனுப்பும் காரணம் என்று ஒரு வரிசை இருந்தது. பழுது, கிருமித் தொற்று, பற்றரி முடிவு, வேறு. வேறு என்பதில் கோடு போட்டார். பிறகு அந்த வட்டமான கருவியை எடுத்து, நெஞ்சு இல்லாமல், மேசையில் கிடந்த பேஸ்மேக்கரின் மேல் நேராக வைத்தார். கணினியின் திரை விழித்தது.

நான் பார்க்க வேண்டும் என்று நினைக்கவில்லை. வழக்கமாகப் பார்க்கிற இடம், கண் தானாகப் போய்விட்டது. நிமிர்ந்த கோடு ஒன்று எழுந்தது. பின்னால் மேடு வரவில்லை. இன்னொரு கோடு எழுந்தது. மேடு இல்லை. இன்னொன்று.

"உது என்ன?" என்றேன்.

"இது இன்னும் வேலை செய்யுது, அம்மா. நிமிசத்துக்கு அறுபது. பற்றரி இன்னும் ஆறு வருசத்துக்கு இருக்கு."

"எப்பவிருந்து?"

"நிக்கவே இல்ல."

அவர் சுடலைக்குப் போன அன்று என் முந்தானைக்குள்ளும், படையலுக்கு முன்னாலும், சேலைகளுக்கு நடுவிலும் அது தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. கையில் வைத்திருந்த எனக்குத் தெரியவில்லை.

கம்பெனி ஆள் கதிரையை மேசைப் பக்கம் அரக்கினார். "அனுப்புறதுக்கு முன்னால நிப்பாட்டணும். அது எங்க விதி. நீங்க சம்மதம்னு இங்க கையெழுத்து வைக்கணும்."

வெளியே அடுத்தவர் இருமினார். தாதி எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். நான் பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தேன். நல்ல வடிவாகவே வைத்தேன். அவர் விசைப்பலகையில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, நோகாதோ?" என்று கேட்டேன்.

கேட்ட பிறகுதான் என் காதில் விழுந்தது. அவர் சிரிக்கவில்லை. விரலை எடுத்துவிட்டு, டொக்டர்மார் சொல்வதைப் போல மெதுவாக, "இல்ல, அம்மா. நோகாது," என்றார்.

"அப்ப நிப்பாட்டுங்கோ," என்றேன்.